பின்னால் பார்த்தபடி கண்டிக்கு

கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்கு எத்தனையோ தரம் ரயில் ஏறியிருக்கிறோம். பெரும்பாலும் மூன்றாம் வகுப்பு, பெரும்பாலும் நின்றபடி. பேராதனைக் கம்பஸில் படித்த நாலு வருசமும் அந்தப் பாதை என்றால் எங்களுக்குப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கதவோரம் நிற்பதுதான். படிப்பு முடிந்து, மூன்று பேரும் ஆளுக்கொரு வேலையில் சேர்ந்து, சம்பளம் என்று ஒன்று கையில் வந்த பிறகு எங்களில் யாழ்ப்பாணத்தாள் சொன்னாள்: "ஒருக்காவது அந்தக் கண்ணாடிப் பெட்டியில போவம். எத்தினை நாளைக்குத்தான் பிளாட்போமில நிண்டு எட்டிப் பாக்கிறது?"

கண்ணாடிப் பெட்டி என்று நாங்கள் சொன்னது ஒப்சர்வேஷன் சலூனை. வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல மேலே கண்ணாடிக் கூரை கிடையாது. கூரையே கண்ணாடியான பெட்டியை அமெரிக்காவில் 1945இலேயே ஓடவிட்டார்கள். இந்தியாவில் விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குப் பள்ளத்தாக்குக்கு 2017இல் 'விஸ்டாடோம்' பெட்டி வந்தது. எங்கட பெட்டி அவ்வளவு ஆடம்பரமில்லை. ரயிலின் கடைசியில் பூட்டியிருப்பார்கள். அதன் பின்சுவர் ஒரு பெரிய கண்ணாடி. ஆசனங்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கும். முன்னால் போகிற ரயிலில் பின்னால் பார்த்தபடி போகலாம். இவ்வளவுதான் விசயம்.

ஆனால் அந்த இவ்வளவுதான் எவ்வளவு என்று ரம்புக்கனை தாண்டும்போதுதான் தெரிந்தது.

ரம்புக்கனை வரைக்கும் வயல், தென்னை, வீட்டுக் கொல்லைப்புறம், கொடியில் காயும் உடுப்பு. அதற்குப் பிறகு ஏற்றம். கடுகண்ணாவ வரை ஏறக்குறைய 12 மைல், 45 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் மலை ஏற வேண்டும். பழைய நாளில் ரம்புக்கனையில் இன்னொரு என்ஜினைப் பூட்டித் தள்ளித்தான் ஏற்றுவார்களாம். என்ஜினின் சத்தம் தடிக்கிறது, வேகம் குறைகிறது. ரயில் அலகல்ல மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகிறது. நாங்கள் ஓடி வந்த தண்டவாளம் கண்ணாடிக்கு அப்பால் வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. முதலில் தண்டவாளம், அப்புறம் பள்ளத்தாக்கு, அப்புறம் படிக்கட்டு வயல்கள், எல்லாவற்றுக்கும் அப்பால் தட்டையாக வெட்டி வைத்ததுபோல பைபிள் பாறை. கதவோரம் நின்று போகும்போது ஒரு காட்சி வந்து முகத்தில் அடித்துவிட்டு ஓடிப்போகும். இங்கே அப்படி இல்லை. பார்த்த இடம் உடனே போய்விடாமல் மெல்ல மெல்லச் சின்னதாகிறது. ஒரு இடத்துக்குப் போய்ட்டு வாறோம் என்று சொல்ல நேரம் கிடைக்கிறது.

சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம். மட்டக்களப்பாள் போனைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து எடுத்தபடியே வந்தாள். இதை எழுதவே வேண்டும்: அந்த ஒரு மணித்தியாலம் நாங்கள் மிகவும் சந்தோசமாக இருந்தோம்.

சத்தம் போடாமல் இருந்தவள் எங்களில் அட்டன்காரி மட்டும்தான். பலன நிலையம் தாண்டும்போது மெதுவாகச் சொன்னாள்: "நாம பாக்குற பக்கம்தான் எங்க சின்னம்மாயி போன பக்கம்."

எங்களுக்கு விளங்கவில்லை.

அவளுடைய அம்மாயியின் தங்கச்சியைத்தான் அவள் சின்னம்மாயி என்கிறாள். எழுபதுகளில், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு, புருசன் வீட்டாரோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்த எண்ணிக்கைக்குள் இருந்த ஆட்களிடம் ஒழுங்காக யாரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் அக்கா இங்கே, தங்கச்சி அங்கே.

போனது இதே பாதையில். மலையக நிலையங்களில் ஏறி, பேராதனை, கடுகண்ணாவ, இந்த இறக்கம், ரம்புக்கனை, பொல்காவலை, அங்கிருந்து வடக்கே திரும்பித் தலைமன்னார். பிறகு கப்பல், இராமேஸ்வரம். மலையகத்தில் அந்த ரயிலுக்குப் பேர் 'அழுகைக் கோச்சி'.

"அட்டன் ஸ்டேசன்ல எங்கம்மாயி கோச்சிப் பெட்டியப் புடிச்சிக்கிட்டே ஓடுனாங்களாம். பிளாட்போம் முடியிற எடத்துல யாரோ இழுத்து நிறுத்தினாங்களாம். சுரங்கம் வந்தா உள்ள அழுகைச் சத்தம் இன்னும் பெருசாக் கேக்கும்னு சின்னம்மாயி பொறவு கடுதாசி எழுதியிருந்தாங்க. எங்கம்மா அதைச் சொல்லிச் சொல்லியே என்னைய வளத்தாங்க."

அப்போதுதான் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. வெளியே இருட்டியதும் கண்ணாடியில் காட்சி போய் எங்கள் முகம் தெரிந்தது. மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.

வெளிச்சம் வந்த பிறகு யாழ்ப்பாணத்தாள் சொன்னாள்: "எங்கட ஊரில உங்கட ஆக்களுக்கு ஒரு பேர் வச்சிருக்கினம். 'தோட்டக்காட்டார்' எண்டு. நானும் சின்னனில சொல்லியிருக்கிறன். என்னெண்டு தெரியாமத்தான் சொன்னனான்."

"தெரியும்டி," என்றாள் அட்டன்காரி. அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் மன்னிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

இந்த ரயில் பாதையை ஏன் போட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்தோம்: கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. கடுகண்ணாவ வீதியில் மாட்டு வண்டிகள் இழுத்த கோப்பியை ஏற்ற 1867இல் கண்டி வரை ரயில் வந்தது. அதே 1867இல்தான் கண்டி மாவட்டத்தில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது, தண்டவாளம் மலைக்கு மேல் மேல் ஏறி 1924இல் பதுளையைத் தொட்டது. அந்தத் தோட்டங்களுக்காக வந்தவர்கள் முதலில் ரயிலில் வரவில்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே மாத்தளை வரை நடந்து வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் ரயிலில் திருப்பி அனுப்பினார்கள்.

பலன என்ற பேரும் அன்றைக்குத்தான் உறைத்தது. சிங்களத்தில் 'பலனவா' என்றால் பார்ப்பது. கண்டி ராசாக்களின் காலத்தில் கீழேயிருந்து யார் வருகிறார்கள் என்று பார்த்திருந்த காவல் இடம் அது. வருகிறவர்களைப் பார்க்க ஒரு இடம் இருந்திருக்கிறது. போகிறவர்களை யார் பார்த்தார்கள்?

கடுகண்ணாவ வந்ததும் ஏற்றம் முடிந்தது. நிலையத்துக்குப் பக்கத்தில் புகையிரத அருங்காட்சியகம் இருக்கிறது. 2014இல் திறந்தது. பழைய என்ஜின்களும் பெட்டிகளும் வைத்திருக்கிறார்கள். கம்பஸ் காலத்தில் ஒருமுறை போயிருக்கிறோம். இனி ஒருதரம் போனால் அங்கே நிற்கிற ஒவ்வொரு பெட்டியையும் 'இதிலே யார் போயிருப்பார்கள்' என்று கேட்டுத்தான் பார்ப்போம்.

கண்டியில் இறங்கித் தேத்தண்ணி குடிக்கும்போது மட்டக்களப்பாள் எடுத்த வீடியோவை அட்டன்காரி கேட்டு வாங்கினாள். சின்னம்மாயி இப்போது கோத்தகிரிப் பக்கம் பேத்தி வீட்டில் இருக்கிறார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய டான்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்து, ஓய்வும் பெற்றுவிட்டார். மலையை விட்டுப் போய் இன்னொரு மலையில் அதே வேலை. பேத்தியின் வாட்ஸ்அப்புக்கு வீடியோ போனது.

நாங்கள் பயந்தோம். ஒரு கிழவியை ஏன் அழவைக்க வேண்டும்? பொழுதுபட்ட பிறகு குரல் செய்தி வந்தது. போனை மேசையில் வைத்து மூன்று பேரும் கேட்டோம்.

"பாத்தேன் தாயி. நல்லா இருக்கு. ரெண்டு மூணு தரம் போட்டுப் பாத்தேன். அன்னைக்குக் கோச்சியில ஒரே சனம், எனக்கு ஜன்னல் பக்கம் எடம் கெடைக்கல. புள்ளைய வச்சிக்கிட்டு நடுவுலயே நின்னேன். இந்த எடமெல்லாம் எப்பிடி இருக்கும்னு இப்பதான் பாக்குறேன்."

அழவில்லை. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. அழுதது நாங்கள்தான்.

இதை எழுதுவதால் அந்தப் பெட்டியில் போகவேண்டாம், இயற்கையை ரசிப்பது குற்றம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டாயம் போங்கள். முற்பதிவு செய்யுங்கள், கடைசி நாள் கேட்டால் கிடைக்காது. கொழும்பிலிருந்து ஏறினால் பள்ளத்தாக்கு ரயிலின் வலப்பக்கம் வரும். நீங்கள் பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பதால் உங்களுக்கு அது இடக்கைப் பக்கம். ரம்புக்கனைக்குப் பிறகு நித்திரை கொள்ளாதீர்கள். சின்னம்மாயிக்குக் கிடைக்காத ஜன்னல் எங்களுக்குக் கிடைத்தது. அதில் உட்கார்ந்துகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது பிழை.

அடுத்த தடவை அட்டனுக்குப் போகிறோம். அவள் வீட்டுக்கு, மூன்றாம் வகுப்பில். கதவோரம் நின்றபடிதான்.