கடலிலும் கடைமடை உண்டு

காற்றாலைக்கு இடம் பார்த்து, ஆண்டுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும் என்று கணக்குப் போடுவது என் தொழில். வீடு திருநின்றவூரில். காலை லோக்கல் ரயிலில் லேப்டாப்பைத் திறந்தால், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுதான் பெரும்பாலும் திரையில் ஓடும்.

பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வரும் பதிவுகளைத் திசைவாரியாகப் பிரிப்பேன். நேர் மேற்கிலிருந்து காற்றடித்த நேரங்களை மட்டும் எடுத்தால், முதல் வரிசை நன்றாக ஓடும்போதே அதற்கு நேர்பின்னே நிற்கும் ஆலையின் உற்பத்தி சரிந்திருக்கும். திசை சில டிகிரி விலகினால் அந்தச் சரிவு மறைந்துவிடும். இயந்திரத்தில் கோளாறு இல்லை. முன்னால் நிற்பது காற்றின் விசையை எடுத்துக்கொண்டு, வேகம் குறைந்து கலங்கிய காற்றைப் பின்னால் விடுகிறது. 'வேக்' என்போம். வேகம் 10 சதவீதம் தளர்ந்தாலே காற்றிலுள்ள ஆற்றலில் 27 சதவீதம் போய்விடும்.

தரையில் மரமும் மேடும் காற்றைக் கலக்கிச் சீக்கிரம் சரிசெய்துவிடும். கடல் வழவழப்பானது. சூடான காற்று குளிர்ந்த நீர்மேல் போகும்போது அடுக்கடுக்காகப் படிந்து, மேல்காற்று கீழே இறங்காது. வட கடலில் ஜெர்மன் ஆய்வாளர்கள் 2016, 2017-இல் விமானத்தில் பறந்து அளந்தபோது, அத்தகைய நேரங்களில் காற்றுப் பண்ணைகளுக்குப் பின்னால் 50 கிலோமீட்டர் தாண்டியும் தளர்ச்சி தெரிந்தது. 2019-இல் டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் நிறுவனமே, இத்தகைய இழப்புகளைக் குறைவாக மதிப்பிட்டிருந்ததாக அறிவித்தது.

தமிழகக் கடலில் காற்றாலைகளுக்கென எட்டு மண்டலங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட்டுக்கு நிதியுதவி தர 2024-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பேச்செல்லாம் ஆழம், துறைமுகம், யூனிட் விலை. பக்கத்துப் பண்ணையைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஏரிப்பாசனத்தில் தலைமடைக்காரர் எடுத்தது போகத்தான் கடைமடைக்கு. காற்றில் திசை மாறினால் தலைமடையும் மாறும், உண்மைதான். ஆனால் நம் பக்கம் ஆண்டு உற்பத்தியின் பெரும்பங்கு தென்மேற்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அதனால் கிழக்கே இடம் எடுப்பவர் சீசன் முழுக்கக் கடைமடைக்காரர்தான். ஏலம் கேட்கிற நாளில் அவருக்கு மேற்கே வெறும் கடல். வங்கியும் அதை வைத்துப் போட்ட உற்பத்திக் கணக்கை நம்பித்தான் கடன் தரும். பிறகு மேற்கே ஒரு பண்ணை எழும்பினால், கடன் கட்டும் காலம் முழுக்க அந்த இழப்பு அவர் தலையில்.

மண்டலங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, பின்னால் வருபவரால் நேரும் இழப்பு யார் கணக்கில் என்பதெல்லாம் குத்தகைப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அதுவரை என் அறிக்கையின் முதல் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: பக்கத்து மண்டலம் காலியாக இருந்தால் ஒன்று, நிரம்பிவிட்டால் ஒன்று. இரண்டாவதை வைத்தே விலை கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.