குன்றின் மேலும் கடலின் அருகும்

சென்ற செவ்வாய்க்கிழமை கல்லூரி விடுமுறையாயிருந்தமையால், நுகேகொடையிற் காலைப் புகையிரதம் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குச் சென்று வந்தோம். இல்லாளும் உடன் வந்தார். செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுவது, தாயார் வழியாக அவருக்கு வந்த வழக்கம். சைவக் குடும்பத்தில் இஃதென்ன வழக்கமென்று நேயர்கள் வினவலாம். கொழும்பில் வாழ்ந்தவர் வினவார். ஆயினும், 2019 ஏப்ரல் 21ஆம் நாளின் பின் அவர் அப்பக்கம் போனதில்லை. போவோமா என்று நாம் கேட்கும்போதெல்லாம் அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அதனால் நேரே கடற்கரைக்குச் செல்லாது, முதலில் வுல்பெண்டால் குன்றில் ஏறினோம். ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்பது அப்பெயரின் பொருள். ஓநாயே இல்லாத நாட்டில் நரியைக் கண்டு மயங்கிய ஐரோப்பியர் இட்ட பெயராம்! ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் முடித்த தேவாலயம் அங்கே சிலுவை வடிவில் நிற்கிறது. சுவர்கள் ஏறத்தாழ ஐந்தடிப் பருமன். கோட்டை கட்டிய கைகளே இதையும் கட்டியிருக்க வேண்டும். தளமெங்கும் கல்லறைக் கற்கள். கோட்டையிலிருந்த பழைய ஆலயத்தில் துயின்ற ஆளுநர்களின் எச்சங்களையும் கற்களையும் 1813இல் இங்கு கொணர்ந்தனர். அவற்றின்மீது கால் வைக்க மனம் கூசிற்று, ஓரமாகவே நடந்தோம். உள்ளே எம்மிருவரையன்றி எவருமிலர்.

வழியில், 1910இல் நிறைவெய்திய புனித லூசியாள் பேராலயத்தின் பெருங்குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொச்சிக்கடைக்கு இறங்கினோம்.

குன்றின்மேல் அக்கோயிலைக் கட்டிய ஒல்லாந்தரே கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தவர்கள். குருமாருக்குப் புகலிடம் அளிப்பதும் அன்று குற்றம். கொச்சியிலிருந்து வணிகர் வேடத்தில் வந்த அந்தோனியோ என்னும் குருவானவரை மீனவர் மறைத்து வைத்தனர் என்பதும், கடலரிப்பைத் தடுக்க அவர் கரையிற் சிலுவை நாட்டி வேண்டக் கடல் பின்வாங்கியது என்பதும் ஐதிகம். அங்கே எழுந்த மண் குடிலே, பின்னர் 1834இல் பெருங்கோயிலாயிற்று.

வாயிலிற் கைப்பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. அவ்வுயிர்ப்பு ஞாயிறன்று இக்கோயிலிலும் நாட்டின் வேறிடங்களிலும் வெடித்த குண்டுகள் 250க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டன. அந்தோனியார் திருநாள் யூன் 13. அதற்கு முந்திய நாளே கோயிலைப் பழுதுபார்த்துத் திறந்துவிட்டனர். இறந்தோரின் பெயர் பொறித்த நினைவிடத்தின் முன் இல்லாள் நெடுநேரம் நின்றார். தமிழ்ப் பெயர்களும் சிங்களப் பெயர்களும் கலந்திருந்தன. சிலவற்றை மெல்ல வாய்விட்டு வாசித்தார்.

உள்ளே குன்றின் கோயிலுக்கு நேர்மாறான நெரிசல். நெற்றியில் நீறணிந்தவரும் வெள்ளைச் சேலைச் சிங்கள மூதாட்டியரும் ஒரே வரிசையில் நகர்ந்தனர். இல்லாளின் திரி காற்றில் இருமுறை அணைந்தது. அருகில் நின்ற மூதாட்டி ஒருவர் ஒன்றும் பேசாது தமது திரியைச் சாய்த்துப் பற்றவைத்தார்.

வெளியே வந்ததும், “சிவன் கோயிலுக்கும் ஒருக்கால் போவமே?” என்றார் இல்லாள். சேர் பொன்னம்பலம் இராமநாதன், தந்தையார் எழுப்பிய கோயிலை 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரம் அண்மையிலேயே இருக்கிறது. நடை சாத்துமுன் போய்விட வேண்டுமென்று எமக்கு முன்னே விரைந்து நடந்தார்.