கண்டி வீதியில் இறங்கி நின்ற இடங்கள்

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் கண்டி வீதி, ஓமந்தையைத் தாண்டியபின் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த ஆரணியத்தினூடே பெரும்பாலும் நேராக ஓடுவதால், சாரதிகளுக்கு வேகத்தில் மோகம் பிறப்பது சகஜமே. யுத்த காலத்தில் சோதனைக்காகப் பொதியவிழ்த்து மணிக்கணக்காகக் காத்துக் கிடந்த ஓமந்தையை இன்று ஒரு நிமிஷத்தில் கடந்துவிடுகிறோம். அன்று பிறர் நம்மை நிறுத்தினார்கள், இன்று நாமாக நின்றாலொழிய நிற்பதற்கு நிர்ப்பந்தம் ஏதுமில்லை.

நான் முதலில் நின்றது பாலைப்பழத்துக்காக. ஆனி, ஆடி மாதங்களில் வீதியோரத்தில் குவித்து விற்கப்படும் அந்த மஞ்சள் நிறச் சிறுகனியின் பால், உதடுகளைப் பிசினிட்டாற்போல் ஒட்டிவிடும்; அந்த உபத்திரவத்தைப் பொருட்படுத்தாதவர்க்கே அதன் மாதுரியம் சித்திக்கும்.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பும் முல்லைத்தீவு வீதியில், தான்தோன்றீசுவரர் ஆலயம் உள்ள ஒட்டுசுட்டானையும் அதற்கடுத்த கற்சிலைமடுவையும் பாராமல் திரும்ப மனம் வரவில்லை. 1803 ஆகஸ்டில் பிரிட்டிஷாரின் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை, அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் திகதி அவர்களின் கப்டன் வொன் டிரிபேர்க் கற்சிலைமடுவருகே தோற்கடித்ததாகக் கல்லில் பொறித்து நாட்டினார்கள். வென்றவனின் கீர்த்திக்காக நட்ட கல், தோற்றவனின் பெயரையே ஜனங்களின் நாவில் நிலைநிறுத்திற்று. டிரிபேர்க்கை இன்று யார் நினைக்கிறார்கள்?

மீண்டும் கண்டி வீதிக்கு வந்து வடக்கே சென்றால் முறிகண்டி. வீதியோரத்திலேயே வீற்றிருக்கும் அந்தப் பிள்ளையாரை வணங்காமல் செல்வதற்கு எத்துணை அவசரக்காரச் சாரதியும் துணிவதில்லை. யானைக்கும் இருளுக்கும் அஞ்சி வண்டி கட்டிச் சென்ற முன்னோரின் பயபக்தி, பஸ்ஸுக்கும் லொறிக்கும் பரம்பரைச் சொத்தாக வந்திருக்கிறது போலும். ஒருவர் இறங்கித் தேங்காய் உடைப்பார், கற்பூரம் எரியும், பிரயாணிகள் விபூதி பூசிய கையோடு கச்சான் கடைகளை மொய்ப்பார்கள். தெய்வ தரிசனமும் கச்சான் கொள்முதலும் அங்கே ஒரே கிரியையின் இரு அங்கங்கள். இதில் அபசாரம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மணல் சூட்டில் வறுபட்ட கச்சானைச் சுருளில் கட்டித் தந்த அம்மா, நான் நேரே வாகனத்தை நோக்கி நடப்பதைக் கண்டு, "முதல்லை பிள்ளையாருக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ தம்பி, கச்சான் ஓடாது" என்றார். சொல்லிவிட்டே வந்தேன்.

கிளிநொச்சிக்குச் சற்று முன்னதாகக் கிழக்கே கிளை வழியில் சென்றால் இரணைமடுக் குளக்கட்டு. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் நிறைவேறிய இக்குளம், பின்னர் பலமுறை உயர்த்தப்பெற்று, பல்லாயிரம் ஏக்கர் வயல்களுக்கு ஜீவாதாரமாய் விளங்குகிறது. மாரியில் வான் பாயும்போது வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும். நான் கண்டதோ கோடைத் தண்ணீரும், கரைக்கு வந்த மீன் தோணிகளும், மர நிழலில் இளைப்பாறிய ஒரு முதிய கமக்காரருமே. இக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக் குடிநீருக்குக் கொண்டுபோகும் திட்டத்தை இப்பகுதி விவசாயிகள் வன்மையாக எதிர்த்தது பிரசித்தம்.

"தம்பி எந்தப் பக்கம்?" என்றார் அந்தக் கமக்காரர்.

"யாழ்ப்பாணம், ஐயா."

"அப்ப வடிவாய்ப் பாத்துக்கொண்டு போங்கோ. கொண்டுபோறதைப் பற்றிப் பிறகு கதைப்பம்."