ஏற்றுவதும் படிப்படி, இறக்குவதும் படிப்படி

கபாபென்ரின் என்பது எம்மவர் பலருக்கு இப்போது பழகிப்போன பெயர். சீனி வருத்தத்தால் பாதம் எரிபவர்களுக்கும், அக்கி மாறிய பின்னும் நோ மாறாதவர்களுக்கும், போர்க்காயத்தால் நரம்பு பழுதுபட்டவர்களுக்கும், சில வகை வலிப்பு உள்ளவர்களுக்கும் வைத்தியர்கள் இந்த மருந்தை எழுதிக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஐயா இதை எடுக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. இந்த ஒரு வருடத்தில் நாங்கள் படித்துக் கொண்டவற்றை, அண்மையில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறோம்.

கபாபென்ரின் வலிப்புக்கான மருந்தாகவே 1993 ஆம் ஆண்டில் பாவனைக்கு வந்தது. நரம்பு நோவுக்கும் இது உதவும் என்று தெரிந்தது பின்னர்தான். பனடோல் போடுவது போல, நொந்தால் ஒன்று போட்டு நோ நின்றால் விட்டுவிடும் மருந்து இதுவல்ல. நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் அளவாக எடுத்து வரவேண்டும். உடம்பிலிருந்து விரைவாக வெளியேறிவிடுவதால் பொதுவாக மூன்று நேரமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

ஐயாவுக்கு வயது 71. 2009 ஆம் ஆண்டு வன்னியில் செல் துண்டு பட்டு வலது தொடையில் காயம். காயம் ஆறிவிட்டது. ஆனால் முழங்காலுக்குக் கீழே நெருப்புப் பட்டது போன்ற எரிவும், போர்வை முட்டினாலே தாங்க முடியாத கூச்சமும் போகவில்லை. பிறகு சீனி வருத்தமும் சேர்ந்துகொண்டது. லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அவர் இரவிலே கட்டிலில் படுத்ததைவிடக் கதிரையில் குந்தியிருந்ததே அதிகம்.

எங்கள் குடும்ப வைத்தியர் மருந்து எழுதுவதற்கு முன் ஐயாவின் இரத்தத்தைப் பரிசோதித்தார். காரணம் கேட்டோம். இந்த மருந்தை ஈரல் கரைப்பதில்லை, அது சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது, சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மருந்து உடம்பில் தேங்கிவிடும் என்றார். ஐயாவின் சிறுநீரகம் சீனி வருத்தத்தால் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஆகவே முதற்கிழமை இரவில் மட்டும் 100 மில்லிகிராம், இரண்டாம் கிழமை காலையும் இரவும், மூன்றாம் கிழமை மூன்று நேரமும் என்று மெதுவாக ஏற்றினார். ஏறத்தாழ இரண்டு மாதத்தில், ஒரு நேரத்துக்கு 300 வீதம் நாளொன்றுக்கு 900 மில்லிகிராமுக்கு வந்தோம்.

சிறுநீரகம் நல்ல நிலையில் உள்ள வளர்ந்தவர்களுக்கு முதல் நாள் 300, இரண்டாம் நாள் 600, மூன்றாம் நாள் 900 என்று தொடங்குவதும் உண்டு. தேவைப்பட்டால் நாளொன்றுக்கு 3600 வரைக்கும் வைத்தியர் ஏற்றலாம். இதைச் சொல்வது, ஒருவரின் கணக்கு இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதைக் காட்டத்தான். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு போடுகிறார் என்று கேட்டு நாம் போடக்கூடாது.

முதல் கிழமைகளில் ஐயாவுக்குத் தூக்கமும் தலைச்சுற்றும் இருந்தன. படியிறங்கும்போது கால் தடுமாறியது. இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் விளக்கு எரிய விட்டோம், தரைவிரிப்புத் துண்டுகளை எடுத்துவிட்டோம். வைத்தியருக்கு அறிவித்தபோது, மருந்தை நிறுத்தவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம், அதே அளவில் இன்னும் ஒரு கிழமை நில்லுங்கள் என்றார். தலைச்சுற்று மெல்ல அடங்கியது. வாகனம் ஓட்டுபவர்கள் இந்த நாட்களில் ஓட்டக்கூடாது.

இந்தக் காலத்தில் ஒரு கொப்பி வாங்கினோம். திகதி, எத்தனை மணிக்கு எத்தனை மில்லிகிராம், நோ பத்துக்கு எத்தனை, தூக்கம், தலைச்சுற்று, கால்வீக்கம் என்று கோடு போட்டு ஒவ்வொரு நாளும் எழுதினோம். அந்தக் கொப்பிதான் எங்களுக்கு ஒரு பெரிய ஆபத்தைக் காட்டித் தந்தது.

900 மில்லிகிராமுக்கு வந்து ஆறு கிழமையாகியும் நோ குறையவில்லை. பின்னேரமானால் எரிவு கூடியது. வைத்தியர் அளவை இன்னும் ஏற்றுவதா என்று யோசித்தார். அவரிடம் போவதற்கு முதல் நாள் கொப்பியையும் மருந்துப் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். எழுதியதற்கும் இருந்ததற்கும் கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் மத்தியானக் கப்சியூலை ஐயா விழுங்கியதை வீட்டில் எவரும் கண்டதில்லை. மத்தியானத்தில் நாங்கள் வேலையில். ஐயாவிடமே கேட்டோம். அவர் ஒன்றும் ஒளிக்கவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் 42 கப்சியூல்கள்.

"வன்னியில ஒரு பனடோலுக்கு எத்தினை கட்டை நடந்திருப்பம் தெரியுமே பிள்ளை? இவ்வளவு நல்ல மருந்தை ஒரே மூச்சில முடிக்க எனக்கு மனம் வரேல்லை. முல்லைத்தீவில மச்சானுக்கும் இதே எரிவுதான். ஊருக்குப் போற ஆரிட்டையும் குடுத்துவிடலாம் எண்டு வைச்சனான்."

இதற்கு எப்படிக் கோபிப்பது? 1990களில் பொருளாதாரத் தடையால் மருந்துக்குத் தவித்த மண்ணிலிருந்து வந்தவர் அவர். மிச்சம் பிடிப்பது அவரது தலைமுறைக்கு உயிர் காத்த பழக்கம். இங்கே அதே பழக்கம் அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. அவர் நாளொன்றுக்கு எடுத்தது 600, வைத்தியர் நினைத்தது 900. அந்தக் கணக்கில் அளவை ஏற்றி, பிறகு ஒருநாள் மூன்று நேரமும் ஒழுங்காக எடுத்திருந்தால், தளர்ந்த சிறுநீரகம் உள்ளவருக்கு என்ன நடந்திருக்கும்?

மறுநாள் பேணியையும் கொண்டே போனோம். சுகாதார சேவையில் உரைபெயர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லை. தொலைபேசி வழியாக ஒருவரைக் கேட்டுப் பெற்றோம். பிள்ளைகள் மொழிபெயர்த்தால் தகப்பன் சிலவற்றை மறைப்பார், பிள்ளைகள் சிலவற்றை மெருகூட்டுவார்கள். வைத்தியர் ஐயாவை ஏசவில்லை. "உங்கள் மச்சானின் சிறுநீரகம் எப்படி என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்களுக்கு மருந்தாக இருப்பது அவருக்கு நஞ்சாகலாம்" என்றார். ஐயா தலையாட்டினார். வேறு எவர் சொல்லியும் அவர் கேட்டிருப்பாரோ தெரியாது. அளவு ஏற்றப்படவில்லை. விடுபட்ட மத்தியான மருந்தைத்தான் 100 ஆகத் தொடங்கி மறுபடி 300க்குக் கொண்டுவந்தோம். ஒரு மாதத்தில் ஐயா கட்டிலில் படுத்துத் தூங்கினார். பேணியில் இருந்தவற்றை மருந்துக் கடையில் ஒப்படைத்தோம்; பாவிக்காத மருந்துகளை அங்கே பொறுப்பேற்பார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் தொடக்கம் பிரித்தானியாவில் கபாபென்ரின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அதை இன்னொருவருக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். மருந்துச் சீட்டும் 28 நாட்களுக்கே செல்லுபடியாகும். ஒருமுறை பொதுவாக 30 நாட்களுக்கு மேற்பட்ட மருந்து தரமாட்டார்கள். ஆகவே முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே அடுத்த சீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். நத்தார், உயிர்த்த ஞாயிறு விடுமுறைகளில் விசேடமாகக் கவனியுங்கள். இங்கிலாந்தில் 60 வயதானவர்களுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் இல்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

திடீரென நிறுத்துவதே மிகவும் ஆபத்தானது. வலிப்புக்காக எடுப்பவர்களுக்கு வலிப்பு திரும்பலாம், விடாமல் தொடரவும் கூடும். நோவுக்காக எடுப்பவர்களுக்கும் வியர்வை, பதற்றம், தூக்கமின்மை, குமட்டல் வரலாம். ஒரு நேரம் தவறினால் நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த நேரம் நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கக்கூடாது. சேர்த்து விழுங்குவதால் நோவுக்கும் இரட்டிப்புப் பலன் இல்லை. நாளொன்றுக்கு 900 எடுக்கும்போது மருந்தின் 60 வீதமளவு உடம்பில் சேர, 3600 எடுக்கும்போது மூன்றில் ஒரு பங்கே சேர்கிறது.

நாரிநோவுக்கென்று கோடீன் கலந்த குளிசை, மோர்பின், நித்திரைக் குளிசை, மதுபானம் இவற்றோடு கபாபென்ரின் சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். தனியாக எடுத்தாலும் சிலருக்கு, முக்கியமாக முதியவர்களுக்கும் சுவாச நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கும், இது நேரலாம் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், ஆழமில்லாத மூச்சு, நீலம் பாரித்த உதடு, இவற்றைக் கண்டால் 999க்கு எடுங்கள். அலுமினியமும் மக்னீசியமும் கலந்த நெஞ்செரிவு மருந்து குடிப்பவர்கள், அதற்கு இரண்டு மணித்தியாலம் கழித்தே கபாபென்ரின் எடுக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்து ஐயாவின் கால்கள் வீங்கத் தொடங்கின. நோவும் அடங்கியிருந்தபடியால் குறைத்துப் பார்க்கலாம் என்றார் வைத்தியர். நிறுத்தும்போது குறைந்தது ஒரு கிழமையாவது எடுத்துப் படிப்படியாக இறக்குவது விதி. நீண்டநாள் எடுத்தவர் என்பதால் ஐயாவுக்கு இரண்டு கிழமைக்கு 100 மில்லிகிராம் வீதம் குறைத்தார்கள். ஆறு கிழமையில் 600க்கு வந்து நின்றோம். வீக்கம் வற்றியது, தூக்கம் கெடவில்லை. அதற்குக் கீழே இறக்குவதா என்பதை அடுத்த இரத்தப் பரிசோதனை சொல்லும்.

உங்கள் வீட்டிலும் இந்த மருந்தை எடுப்பவர் இருந்தால், இன்றைக்கே ஒரு கொப்பியைத் திறவுங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது கொப்பியையும், வேறு எடுக்கும் எல்லா மருந்துகளையும், ஊரிலிருந்து வந்த எண்ணெயும் சூரணமும் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். வீட்டில் பெரியவர்கள் மருந்தை மிச்சம் பிடிக்கிறார்களா என்று அன்பாகக் கேட்டுப் பாருங்கள். ஏசினால் பேணி இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும்.