கதவில் ஒரு வட்டம்

திருச்சி பாலக்கரைப் பக்கம் உள்ள மரப்பட்டறை அது. சைவ ஓட்டல் ஒன்றின் சமையலறைக் கதவில் வட்டக் கண்ணாடி பதிக்கும் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். இரு பக்கமும் திறக்கும் ஸ்பிரிங் கதவு. சாம்பார் வாளியோடு ஒருவர் வெளியே வருவார், எச்சில் தட்டுகளோடு இன்னொருவர் உள்ளே போவார். எதிரில் ஆள் வருவது இருவருக்கும் தெரியாது. பரிமாறும் பையன் ஒருவன் கையில் கொதிக்கும் சாம்பார் கொட்டிய பிறகுதான் இந்த யோசனை வந்ததாம். கதவு செய்த அன்றே வந்திருக்க வேண்டிய யோசனை.

ஓட்டலுக்கு அளவெடுக்கப் போன ஆசாரி டேப்பை உடனே எடுக்கவில்லை. "இங்க உசரம் கம்மியானவங்க யாரு?" என்று கேட்டார். பாத்திரம் தேய்க்கும் பெண்மணி கையைத் துடைத்தபடி வந்து நின்றார். "நேரா பாருங்கக்கா." அவர் கண்மட்டத்தில் பென்சில் கோடு விழுந்தது. அதற்கு இரண்டு அங்குலம் மேலே மையம், ஓரடி விட்டம். இப்படி வைத்தால் குள்ளமானவர் எக்க வேண்டாம், நெட்டையானவர் குனிய வேண்டாம். முதலாளியின் உயரத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கண்ணாடி கைக்கு வந்த பிறகே கதவை அறுப்பார்கள். காரணம், டஃபன்டு கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்விக்கிறார்கள். அதன்பின் ஓரத்தை ஒரு நூல்கூடக் குறைக்க முடியாது, மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். ஆனால் அந்தத் துண்டுகள் மழுங்கலாக இருக்கும், சாதாரணக் கண்ணாடி போல் கையை ஆழமாகக் கிழிக்காது. சமையலறைக்கு அதுதான் வேண்டும். 300 மில்லிமீட்டர் ஓட்டைக்கு 296 மில்லிமீட்டர் கண்ணாடி சொல்லியிருந்தார்.

கதவை விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே கட்டை நிறைந்த ஃபிளஷ் டோர். பொள்ளலாக இருந்தால் ஓட்டையைச் சுற்றி உள்ளே சட்டம் கொடுக்க வேண்டும். மையத்தில் ஆணி அடித்து, ரவுட்டரைத் தாங்கும் பிளைவுட் பட்டியை அதில் மாட்டினார். ஒரு சுற்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆழம்தான். பாதிக் கனம் போனதும் கதவைப் புரட்டினார்கள். ஒரே பக்கமாக அறுத்தால் மறுபக்கம் சிம்பு பேர்ந்துவிடும். கடைசிச் சுற்றுக்கு முன், அறுபடும் வட்டை மேசைப் பலகையோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கினான் ஆசாரியின் மருமகன். மையம் அந்த வட்டில்தான் இருக்கிறது. அது அசைந்தால் ரவுட்டரும் இழுத்துக்கொண்டு போகும்.

ஓட்டை போடுவது மெஷின் வேலை. கைவேலை தெரிவது கண்ணாடியை இருபுறமும் பிடிக்கும் தேக்கு வளையத்தில்.

"ஒரே பலகையில வளையத்தை அறுத்துட்டா என்ன மாமா?" என்றான் மருமகன். ஆசாரி பதில் சொல்லாமல், ஒரு துண்டுப் பலகையில் வில் போல அறுத்து அவன் கையில் கொடுத்தார். ரேகை குறுக்கே போகும் இடத்தில் பட்டென்று முறிந்தது. "பாத்தியா?"

ஆறு துண்டுகளாகச் செய்தால் ரேகை ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் நிற்கும். ஏன் ஆறு? கவராயத்தில் வட்டம் போட்டு, விரிப்பை மாற்றாமல் அதே வட்டத்தின் மேல் எட்டு வைத்து நடத்தினார். ஆறாவது எட்டில் கிளம்பிய புள்ளிக்கே வந்து நின்றது. கணக்கே தேவைப்படவில்லை. "எங்கப்பா வண்டிச்சக்கரம் செஞ்சவர், தம்பி. பன்னெண்டு ஆரக்கால், ஆறு வட்டை. வட்டைக்கு ரெண்டு கால்." சக்கர விளிம்பின் துண்டுகளான அந்த வட்டைகளைப் போலவே இந்தத் துண்டுகளையும் முளை வைத்துத்தான் இணைத்தார். பொடி மூங்கில் முளை, பசை, சுற்றிலும் கயிறு போட்டு முறுக்கு. காய்ந்ததும் மூட்டுகளின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். ஒன்றில் தட்டியது. பிரித்து மறுபடி இழைத்தார். பெயின்ட் அடித்தால் மறைந்துபோகும் மூட்டு அது. ஆவியும் தண்ணீரும் அங்கேதான் முதலில் இறங்கும் என்றார்.

அறுத்தெடுத்த மரவட்டின் எடையும், கண்ணாடி, வளையங்களின் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. கண்ணாடியின் இருபக்கமும் ரப்பர் பட்டி வைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துப் பக்க வளையத்தைப் பசையால் நிரந்தரமாக ஒட்டிவிட்டார். சமையலறைப் பக்கத்து வளையத்துக்கு ஸ்க்ரூ மட்டும், அதுவும் துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். "நாளைக்குக் கண்ணாடி போச்சுன்னா என்னையத் தேட வேணாம். ஸ்க்ரூவக் கழட்டி மாத்திக்கட்டும்" என்று சொல்லி, கண்ணாடியின் அளவை நிலையின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தார்.