தோலகட்டித் திராட்சையும் ஒரு துண்டு சொக்கலேற் கேக்கும்

யாழ்ப்பாணத்தில் 'தோலகட்டி' என்றதும் பலருக்கு நெல்லிரசப் போத்தல்தான் நினைவுக்கு வரும். வசாவிளானை அண்டிய இந்தச் செம்மண் கிராமத்திலேயே 1928 இல் தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் சபையை ஆரம்பித்தார். செபம், மௌனம், கைவேலை என்பனவே அத்துறவிகளின் வாழ்க்கை. நெல்லிரசமும் திராட்சை வைனும் அந்தக் கைவேலையிற் பிறந்தவை. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது இக்கிராமமும் வெறுமையானது. யுத்தம் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. எனினும் தமது வளவை வேலிக்கு வெளியே நின்று பார்ப்போர் இன்னும் உள்ளனர்.

அண்மையில் எமது மகளிர் குழுவினர் எட்டுப் பேருடன் அப்பக்கம் சென்றேன். அவர்களுள் ஐவர் தனித்துக் குடும்பம் நடத்துபவர்கள். திரும்பும் வழியில் செபமாலைக் கன்னியர்களின் தயாரிப்புகளைப் பார்த்தோம். அவர்களது இனிப்பு வைனில் கறுவாவும் கராம்பும் மணக்கும். ஓர் அக்கா முகம் சுளித்தார்.

"குடியால அழிஞ்சது என்ர வீடு. இதைக் காட்டவோ பிள்ளை எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

அவரது கேள்வி நியாயமானது. "குடிக்க இல்லை அக்கா, பழத்தை எப்படிக் காசாக்கினம் எண்டு பார்க்கத்தான்" என்றேன். அவரது வளவிலும் ஒரு திராட்சைப் பந்தல் உண்டு. காய்க்கும் காலத்தில் எல்லோரிடமும் பழம் இருப்பதால் விலை விழுந்துவிடும்.

திராட்சைச் சாறு நொதிக்கும்போது மதுவம் சீனியை மதுசாரமாக்குகிறது. போர்த்துக்கல்லில் இடைநடுவே பிராந்தி போன்ற மதுசாரத்தைச் சேர்ப்பார்கள். மதுவம் இறந்துவிட, எஞ்சிய சீனி இனிப்பாக நிற்கும். இதுவே 'போர்ட்' வைன். மதுசாரம் சுமார் 20 வீதம். சாதாரண வைனைவிட இது கடுமையானது. மேல்நாட்டார் இதைச் சிறு கிண்ணத்தில் சொக்கலேற் பண்டங்களுடன் பரிமாறுவர். பானம் பண்டத்தைவிட இனிப்பாக இருக்கவேண்டும் என்பது அவர்களது விதி. இல்லாவிட்டால் பானம் புளிக்கும்.

இந்த விதிக்கு மதுசாரம் அவசியமில்லை. குழுவின் அடுத்த கூட்டத்தில் சொக்கலேற் கேக்குடன் திராட்சை ரசத்தைச் சுவைத்துப் பார்த்தோம். வழமைபோலத் தண்ணீர் கலந்த ரசம் கேக்குக்குப் பிறகு வெறும் புளிப்பாயிருந்தது. தண்ணீரைக் குறைத்துக் கராம்பும் கறுவாவும் இட்டுக் காய்ச்சியதும் இரண்டும் ஒத்துப்போயின. சீனி குறைந்த, கொக்கோ கூடிய கேக் இன்னும் பொருந்தியது. பனங்கட்டி சேர்த்த எள்ளுருண்டையுடனும் நன்றாகவே இருந்தது.

சகோதரிகளே, வைன் காய்ச்சி விற்பதற்கு மதுவரி அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாமல் செய்வது குற்றம். பழரசத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. போத்தல்களைக் கொதிநீரில் அவித்துச் சுத்தமாக்கி, சுடச்சுட நிரப்பி, இறுக மூடி, திகதி ஒட்டுங்கள். விற்கத் தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுங்கள்.

நத்தாருக்குக் கேக்கும் ரசமும் ஒன்றாகப் பொதி செய்து விற்பதென எமது குழு முடிவெடுத்துள்ளது. முதற் பழங்கள் அந்த அக்காவின் பந்தலிலிருந்துதான் வருகின்றன. "வெறியில்லாத போத்தல் எண்டு பெரிசாய் எழுதி ஒட்டுங்கோ" என்பது மட்டுமே அவரது நிபந்தனை.