இரண்டாயிரம் ரூபாயில் ஒரு ரோபோ

எங்கள் குழுவில் நால்வர். தலைக்கு ஐநூறு வீதம் கையிருப்பு 2,000 ரூபாய். ஒருத்தியின் பங்கு மட்டும் பத்து ரூபாய்த் தாள்களாகவும் நாணயங்களாகவும் வந்தது. அவள் அம்மா மாலை நேரத்தில் இட்லி விற்றுச் சேர்த்த பணம் அது. அதை எண்ணி வாங்கிய பிறகு எதற்கு விலை கேட்டாலும் எங்களுக்கு அந்த நாணயங்களின் நினைவே வந்தது.

தரையில் இழுத்த கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடும் சிறு வண்டியைச் செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை, தோழி ஒருத்தியின் தந்தையாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். அப்பப்பா! ஒரே பொருளுக்குக் கடைக்குக் கடை வேறு வேறு விலை. "பள்ளிக்கூடத்துக்கு அண்ணா, கொஞ்சம் குறையுங்கள்" என்று நால்வரும் ஒரே குரலில் கேட்டதில் பத்து ரூபாய் குறைந்தது. எங்கள் சத்தம் தாங்காமல் குறைத்தார் போலும்!

பெரிய மிச்சம் ஆர்டுயினோ பலகையில்தான். இத்தாலியில் 2005-இல் தோன்றிய அதன் வரைபடத்தை, உருவாக்கியவர்களே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே அதே அமைப்பில் பிறர் செய்து குறைந்த விலைக்கு விற்பது குற்றமல்ல. இயற்பியல் ஆசிரியை இதை விளக்கும்வரை, திருட்டுச் சரக்கோ என்று பயந்துகொண்டிருந்தோம். வண்டியின் உடலுக்கான அக்ரிலிக் தகட்டை நாங்கள் வாங்கவில்லை. பழைய பரீட்சை அட்டை ஒன்றை அறுத்துக்கொண்டோம். முன் சக்கரம், தீர்ந்துபோன ரோல்-ஆன் வாசனைப் புட்டியின் உருண்டை.

ஏமாந்தது பேட்டரியில். மலிவு என்று 9 வோல்ட் சதுரப் பேட்டரியை வாங்கினோம். வண்டி இரண்டடி ஓடி நின்றது. இன்னொன்று வாங்கினோம்; அதுவும் நின்றது. மல்டிமீட்டர் போன்ற, கொஞ்சமாக மின்சாரம் கொள்ளும் கருவிகளுக்கு உரியது அது. இரண்டு மோட்டார்கள் இழுக்கும் மின்னோட்டத்தை அதனால் தர இயலாது. கடைசியில், ஒருத்தி வீட்டில் சும்மா கிடந்த, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் பென்சில் பேட்டரிகள் ஆறு கைகொடுத்தன.

அந்த மகிழ்ச்சியில் அவசரப்பட்டோம். சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறின. மெல்லிய புகை, ஒரு நாற்றம். 140 ரூபாய் மோட்டார் டிரைவர் கருகிவிட்டது. இட்லிக் காசு கொண்டுவந்தவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"யார் மாற்றி இணைத்தது?" என்று கேட்டார் சிஸ்டர்.

"நாங்கள்தான், சிஸ்டர்" என்றோம்.

அவர் எங்களைச் சற்று நேரம் பார்த்தார். "சரி, பணத்துக்கும் நீங்களே வழி பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மற்ற மூவர் வீட்டுப் பழைய செய்தித்தாள்களும் மறுநாளே எடைக்குப் போயின. நான்காம் வீட்டில் செய்தித்தாள் வாங்குவதில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

போட்டியில் வண்டி முக்கால் பாதை ஒழுங்காக ஓடி, கடைசி வளைவில் கோட்டை விட்டது. பரிசு இல்லை. எல்லாம் போக மீதி 17 ரூபாய். அதையும் ரசீதுகளையும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்காக ஒரு ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறோம். கருகிய மோட்டார் டிரைவரும் அதில்தான் இருக்கிறது.